நியூட்ரான் சிதறல் என்றால் என்ன? அதற்காக விஞ்ஞானிகளுக்கு விருது ஏன்?

மூடிய உலோகக் குழாய்க்குள் வெடிமருந்து சரியாக நிரம்பியிருக்கிறதா? திறந்து பார்த்தால் ஆபத்து. திறக்காமல் எப்படித் தெரிஞ்சுக்கறது?

வெடிமருந்தின் ஆபத்தை விருதுநகர் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ல் பட்டாசு ஆலை வெடித்ததில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

திறக்காமலே பார்க்கும் வசதி கல்பாக்கத்தில் உள்ளது. பெயர் 'காமினி'. 1996-ல் இயங்கத் தொடங்கிய, 30 கிலோவாட் திறன் கொண்ட சிறிய அணு உலை இது. இஸ்ரோ ராக்கெட்டுகளில் பயன்படும் சிறு வெடி சாதனங்கள் இங்கு நியூட்ரான் கற்றை மூலம் படம்பிடித்துச் சோதிக்கப்படுகின்றன.

எக்ஸ்ரே போதாதா?

போதாது. எக்ஸ்ரே அணுவின் எலெக்ட்ரான்களோடு மோதுகிறது. அதனால் கனமான உலோகம் அதைத் தடுத்துவிடும். மின்னூட்டம் இல்லாத நியூட்ரானோ எலெக்ட்ரான்களைத் தாண்டி அணுக்கருவோடு மோதுகிறது. இரும்பு, ஈயம் போன்றவற்றை ஓரளவு எளிதாகக் கடந்துவிடும். ஆனால் ஹைட்ரஜன் அதை பலமாகச் சிதறடிக்கும். ஹைட்ரஜன் உள்ள வெடிமருந்து, ரப்பர், எண்ணெய் எல்லாம் உலோகத்துக்குள் இருந்தாலும் தெளிவாகத் தெரிவது இதனால்தான்.

சிதறலில் என்ன தெரியும்?

நியூட்ரான் எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்பதை வைத்து, பொருளுக்குள் அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கணக்கிடலாம். அதன் ஆற்றல் எவ்வளவு மாறியது என்று பார்த்தால், அணுக்கள் எப்படி அதிர்கின்றன என்பதும் தெரியும். காந்தப் பொருட்களின் உள்ளமைப்பையும் அறியலாம்.

நோபல் யாருக்கு?

1994-ல் இயற்பியல் நோபல் பரிசை அமெரிக்காவின் கிளிஃபோர்ட் ஷல், கனடாவின் பெர்ட்ரம் பிராக்ஹவுஸ் இருவரும் பகிர்ந்துகொண்டனர். பரிசு கிடைத்ததோ 1940, 50-களில் செய்த வேலைக்கு! அப்போது ஷல்லுக்கு வயது 79, பிராக்ஹவுஸுக்கு 76. ஷல்லோடு சேர்ந்து உழைத்த எர்னஸ்ட் வோலன் 1984-லேயே இறந்துவிட்டார். மறைந்தவர்களுக்கு நோபல் கிடையாது என்பதால் அவர் பெயர் பட்டியலில் இல்லை. கௌரவம் காலத்தோடு வர வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இன்று ஐரோப்பாவில் வால்டர் ஹெல்க் பரிசு, அமெரிக்காவில் ஷல் பெயரிலேயே ஒரு பரிசு என இத்துறைக்குத் தனி விருதுகள் உள்ளன.

நம்ம ஊர் பங்கு என்ன?

1931-ல் திருநெல்வேலியில் பிறந்த பி.கே.ஐயங்கார், 1956-ல் கனடா சென்று பிராக்ஹவுஸுடன் பணியாற்றினார். திரும்பி வந்து மும்பை டிராம்பேயில் நியூட்ரான் சிதறல் ஆய்வுக் குழுவை வளர்த்தார். கருவிகளையும் இங்கேயே உருவாக்கினர். 1971-ல் அவருக்கு சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. பின்னர் அணுசக்தி ஆணையத் தலைவராகவும் இருந்தார். 2011-ல் மறைந்தார். டிராம்பேயின் 100 மெகாவாட் 'துருவா' உலை இந்த ஆய்வுக்கான முக்கிய மையமாக உள்ளது.

பட்டாசு ஆலைக்கு இது உதவுமா?

நேரடியாக உதவாது. நியூட்ரான் கற்றைக்கு அணு உலையோ பெரிய துகள் முடுக்கியோ வேண்டும். காமினியில் சோதிப்பது ராக்கெட் சாதனங்களை, பட்டாசை அல்ல. அச்சங்குளம் போன்ற ஊர்களில் உயிரைக் காப்பது, ஓர் அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்ற விதியை மீறாமல் இருப்பதே.