கோட்டை அடுப்பு முதல் குச்சி எரிபொருள் வரை



நம் ஆண்டிமடம் பக்கத்திலே கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு என்று வந்துவிட்டால் முதல் வேலை என்ன? பந்தல்கால் நட்ட கையோடு, கொல்லைப் பக்கம் போய்க் கோட்டை அடுப்பு வெட்டுவதுதானே? வாய்க்கால் மாதிரி நீளமாகப் பள்ளம் எடுத்து, இரண்டு பக்கமும் கல்லை அணைத்து, வரிசையாக அண்டாக்களை ஏற்றிவிடுவோம். விறகு முந்திரித் தோப்பிலிருந்து வண்டியில் வந்து இறங்கும்.

இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒரு புதுச் செய்தி சொல்கிறார்கள். "அங்கேயெல்லாம் வாசலிலே ஒரு இரும்புப் பெட்டி வைத்திருக்காங்க. மரத்தூளை அமுக்கிச் செய்த குச்சித் துண்டைக் கொட்டிவிட்டால் போதும். அதுவே எரிந்து, அதுவே சூட்டைப் பார்த்துக் கொள்ளும்" என்கிறார்கள். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. அது நம்ம கோட்டை அடுப்பை விட மேலானதா? நமக்கு ஆகுமா? இதைத் தெரிந்துகொள்ள, அடுப்பும் விறகும் வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

முதலில் நம்ம விறகையே எடுத்துக்கொள்வோம். முந்திரி இந்த மண்ணிலே பிறந்த மரம் இல்லை. பிரேசில் நாட்டு மரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்து நம் நாட்டின் மேற்குக் கடற்கரையில் வைத்தார்கள். அது பரவி, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், விருத்தாசலம், பண்ருட்டி என்று செம்மண் காடெல்லாம் நிறைந்துவிட்டது. கொட்டை ஒரு வருமானம் என்றால், கவாத்து செய்த கிளையும் மிலாரும் வீட்டு அடுப்புக்கு இன்னொரு வருமானம்.

விறகு எதுவானாலும் தீ கேட்பது இரண்டுதான். ஒன்று காய்ச்சல், மற்றொன்று காற்று. அன்றைக்கு வெட்டின பச்சை மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால், தீயின் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மிச்சம் புகையாகக் கண்ணைக் கரிக்கும். வெட்டிப் பிளந்து மாதக் கணக்கில் காயவைத்த விறகில் 100-க்கு 15 முதல் 20 பங்குதான் ஈரம் நிற்கும். காற்று விஷயமும் அப்படித்தான். திறந்தவெளியில் மூன்று கல் வைத்து எரித்தால், விறகின் சூட்டில் 100-க்கு 10 முதல் 15 பங்குதான் பாத்திரத்துக்குப் போய்ச் சேருகிறது. மற்றதை வெளிக்காற்று கொண்டுபோகிறது. கோட்டை அடுப்பைப் பள்ளத்தில் வெட்டினார்களே, அது சும்மா இல்லை. காற்று அடித்துத் தீயைக் கலைக்காமல் இருக்கத்தான் நம் பெரியவர்கள் அப்படிச் செய்தார்கள்.

அடுத்தது அடுப்புக்கரி. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். விறகை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் மூடி, உள்ளே காற்றுப் போகாமல் நாள் கணக்கில் புழுங்கவிட்டால் கரியாகும். கரியில் புகை குறைவு, சூடு அதிகம், தூக்கிக்கொண்டு போவதும் சுலபம். ஆனால் மண்மூட்டத்தில் 1 கிலோ கரி எடுக்க 5 முதல் 8 கிலோ விறகு வேண்டும். இறைச்சி சுடுகிறவர்களுக்குக் கரி நல்லது, தோப்புக்கு நல்லதில்லை. இன்னொன்றையும் மறக்க வேண்டாம். கரி அடுப்பைக் கதவடைத்த அறையில் வைக்கவே கூடாது. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நச்சு வாயு வந்து ஆளைக் கொன்றுவிடும்.

பிறகு கேஸ் வந்தது. இண்டேன் நிறுவனம் முதல் இணைப்பை 1965-ல் கல்கத்தாவில் கொடுத்தது. கிராமத்து ஏழை வீடுகளுக்கு 2016-ல் உஜ்வாலா திட்டம் வந்தது. சுத்தத்திலும் சௌகரியத்திலும் கேசுக்கு ஈடு இல்லை, வீட்டுப் பெண்களின் நெஞ்சுக்கும் கண்ணுக்கும் அது நல்லது. ஆனால் சிலிண்டருக்குக் கையில் காசு வேண்டும். விலையை நாம் நிர்ணயிக்க முடியாது.

இதற்கு நடுவிலே நம்மவர்கள் கண்ட இன்னொரு அடுப்பு உண்டு. மரத்தூள் அடுப்பு. ஒரு தகர டப்பா, அடியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை. நடுவிலே ஒரு பாட்டிலையோ குழாயையோ நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைப் போட்டுக் கெட்டியாக இடிப்பார்கள். பாட்டிலை உருவிவிட்டால் நடுவில் துவாரம். அடியில் தீ வைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும். மரத்தூளை அள்ளித் தீயில் போட்டால் ஒன்று புஸ்ஸென்று போகும், இல்லையென்றால் புகைந்து அணையும். அதையே இறுக்கிவிட்டுக் காற்றுக்கு வழி வைத்தால் விறகுக்குச் சமானமாக எரிகிறது. இந்தச் சூட்சுமத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே சூட்சுமத்தை அமெரிக்காவில் இயந்திரத்தில் ஏற்றினார்கள். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது அங்கே வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் விலை ஏறிப் போயிற்று. மர அறுவை ஆலைகளில் மரத்தூள் மலைபோல் கிடந்தது. மாட்டுத் தீவனத்தைக் குச்சி குச்சியாக அழுத்தித் தள்ளும் இயந்திரம் இருக்கிறதே, அதே மாதிரி இயந்திரத்தில் மரத்தூளைப் போட்டு அழுத்தினார்கள். அழுத்தத்திலும் சூட்டிலும் மரத்தில் உள்ள பசையே இளகி ஒட்டிக்கொள்ளும். தனியாகப் பசை தேவையில்லை. ஈரம் 100-க்கு 10 பங்குக்கும் கீழே. இதற்குத்தான் பெல்லட் என்று பெயர்.

ஆரகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரிலே ஜோ டிரேகர் என்பவர் 1985-ல் இந்தக் குச்சியை வைத்து இறைச்சி சுடும் அடுப்பைச் செய்தார். 1986-ல் காப்புரிமை பெற்றார். 2006-ல் உரிமைக் காலம் முடிந்ததும் பல கம்பெனிகள் செய்யத் தொடங்கின. பக்கத்துத் தொட்டியில் குச்சியைக் கொட்டினால், ஒரு திருகுத்தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கொடுக்கும். விசிறி காற்று ஊதும். சூடு ஏறினால் குச்சியைக் குறைக்கும், இறங்கினால் கூட்டும். மெதுவாகச் சுடும்போது மணிக்கு அரைக் கிலோ முதல் 1 கிலோ குச்சிதான் செலவு.

அப்படியானால் நம் விருந்துக்கு அது சரிப்படுமா? படாது. அது பெரிய இறைச்சித் துண்டைப் பல மணி நேரம் மிதமான சூட்டில், லேசான புகை மணத்தோடு வேகவைக்கிற பெட்டி. நமக்கு வேண்டியது அண்டா உலை சீக்கிரம் கொதிக்கிற தீ. அதோடு, கரண்ட் போனால் திருகும் நிற்கும், விசிறியும் நிற்கும். கோட்டை அடுப்புக்கு அந்தக் கவலை இல்லை.

அந்தப் பெட்டி நமக்குச் சரிப்படாவிட்டாலும், குச்சி எரிபொருள் நம் நாட்டு அடுப்புக்கும் வந்து பார்த்தது. அந்தக் கதையில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து 'ஊர்ஜா' என்று ஒரு சின்ன அடுப்பு செய்தார்கள். 2006-லிருந்து தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் விற்றார்கள். உள்ளே பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி. எரிபொருள், விவசாயக் கழிவை அழுத்திய குச்சி. புகை மிகக் குறைவு. நான்கு லட்சம் வீடுகள் அளவுக்கு அது போய்ச் சேர்ந்தது. 2009-ல் பி.பி. விலகி, ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற கம்பெனி அதை எடுத்துக்கொண்டது.

பிறகு என்ன ஆயிற்று? கரும்புச் சக்கையையும் கடலைத் தோலையும் ஆலைக் கொதிகலன்காரர்களும் தேட ஆரம்பித்தார்கள். மூலப்பொருள் விலை ஏறியது, குச்சி விலையும் ஏறியது. குடும்பங்கள் வாங்க முடியாமல் விட்டுவிட்டன. கம்பெனி ஓட்டல் சமையலறைகள் பக்கம் திரும்பியது. அடுப்பில் குற்றம் இல்லை. எரிபொருள்தான் எட்டாமல் போய்விட்டது.

இதிலே நாம் யோசிக்க வேண்டியது என்ன? அந்தக் குச்சி எதிலிருந்து வந்தது? நம் களத்து மல்லாட்டைத் தோல், நம் கரும்புச் சக்கை. நம்மிடமிருந்து சல்லிசாகப் போனது, பையில் அடைத்து விலையோடு திரும்பி வந்தது. இந்தக் கழிவுக்கு இனி மதிப்பு கூடத்தான் செய்யும். நிலக்கரி மின்நிலையங்கள் 100-க்கு 5 பங்கு பயிர்க்கழிவுக் குச்சியைச் சேர்த்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2021 அக்டோபரில் கொள்கையே வகுத்துவிட்டது. ஆகவே வியாபாரி வந்து, "கழிவுதானே, அள்ளிக்கொண்டு போகிறேன்" என்றால் உடனே தலையாட்டாதீர்கள். எடை போட்டு விலை பேசுங்கள். வீட்டுக்கும் வயலுக்கும் வேண்டியதை ஒதுக்கிய பிறகே மிச்சத்தைக் கொடுங்கள்.

குச்சி அடுப்பு விற்க யாராவது வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். குச்சி எங்கேயிருந்து வரும்? அடுத்த வருஷம் என்ன விலை? விசிறியோ பேட்டரியோ பழுதானால் யார் பார்ப்பார்கள்? குச்சி கிடைக்காதபோது சாதாரணச் சுள்ளியும் அதில் எரியுமா என்று சேர்த்துக் கேட்டாலும் நல்லதே.

முந்திரி ஓட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோப்பிலே கொட்டை சுடும்போது எண்ணெய் தெறித்துக் கை வெந்துபோனவர்கள் நம்மில் பலர் உண்டு. அந்த ஓட்டில் காரமான எண்ணெய் நிறைய இருக்கிறது. நன்றாக எரிகிறதே என்று அதைச் சமையல் அடுப்பில் போடாதீர்கள். அதன் புகை கண்ணையும் மூச்சையும் தோலையும் பதம் பார்க்கும். ஆலைக் கொதிகலனுக்குத்தான் அது சரி.

அடுத்த வைகாசியில் வீட்டில் விசேஷம் இருக்கிறதா? அப்படியானால் கவாத்துக் கட்டையை இப்போதே பிளந்து, மழை படாத, காற்றோட்டமான இடத்தில் அடுக்கிவையுங்கள். கோட்டை அடுப்பின் அடியில் இரும்புக் கம்பிகளைக் குறுக்கே போட்டு, சாம்பல் கீழே விழவும் காற்று மேலே ஏறவும் வழி விடுங்கள். கட்டையைத் திணிக்காமல் இடைவெளி விட்டு வையுங்கள். குச்சி எரிபொருளில் இருக்கிற காய்ச்சலும் காற்றும் நம்ம அடுப்புக்கும் கிடைத்துவிடும், காசு செலவில்லாமல். சமையல்காரர் கண்ணைக் கசக்காமல் சமைப்பார், வண்டி விறகிலும் கொஞ்சம் மிச்சமாகும்.