ஆங்கிலச் சொற்பாகுபாட்டில் எட்டு என்னும் எண்

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் மாணவர் முதற்கண் மனப்பாடம் செய்வனவற்றுள் ஒன்று, அம்மொழிச் சொற்கள் எட்டு வகைப்படும் என்பது. பெயர், மாற்றுப்பெயர், பெயரடை, வினை, வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்புச்சொல் என அவ்வெட்டும் எண்ணப்படும். இவ்வெண் ஆங்கிலச் சொற்களை ஆராய்ந்து கண்டதோ, பிறமொழி இலக்கணத்தினின்று வழிவழியாக வந்ததோ என்பது ஆராய்தற்குரியது. ஆங்கிலப் பாகுபாட்டை அளவுகோலாகக் கொண்டு தமிழ்ச் சொற்களை அளந்து காணும் வழக்கம் நம்மிடையே உண்மையின், இவ்வினா ஆங்கில ஆசிரியர்க்கு மட்டுமன்றித் தமிழாராய்வார்க்கும் உரியதேயாம்.

எட்டு என்னும் எண்ணின் தோற்றம் கிரேக்க மொழியில் உள்ளது. கி. மு. 2ஆம் நூற்றாண்டினரான டயோனீசியஸ் திராக்ஸ் என்பார் பெயரால் வழங்கும் சிற்றிலக்கணம், பெயர், வினை, வினைத்தன்மையும் பெயர்த்தன்மையும் ஒருங்குடைய பார்ட்டிசிப்பிள், ஆர்ட்டிகிள் எனப்படும் சார்புச்சொல், மாற்றுப்பெயர், முன்னிடைச்சொல், வினையடை, இணைப்புச்சொல் என எட்டினைக் கூறும். அந்நூலின் பெரும்பகுதி அவர் இயற்றியதுதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இப்பாகுபாடு கிரேக்க மரபில் நிலைபெற்றது என்பதில் ஐயமில்லை. பெயரடை இதன்கண் தனிவகையாக இடம்பெறவில்லை. கிரேக்கத்தில் பெயரடையும் பெயரைப் போலவே வேற்றுமை உருபேற்குமாதலின் அது பெயருள் அடங்கிற்று. வியப்புச்சொல் வினையடையுள் அடங்கிற்று.

உரோமானியர் இப்பாகுபாட்டைத் தம் மொழிக்கு ஏற்றிக்கொண்டபோது இடர்ப்பாடு ஒன்று நேர்ந்தது. இலத்தீனில் ஆர்ட்டிகிள் இல்லை. அதனை நீக்கின் ஏழே எஞ்சும். அவர்கள் வியப்புச்சொல்லைத் தனியே பிரித்து எட்டினை நிரப்பினர். கி. பி. 4ஆம் நூற்றாண்டில் டொனேட்டசும், 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிசியனும் இவ்வெட்டினையே வகுத்துரைத்தனர். ஐரோப்பிய இடைக்காலப் பள்ளிகளில் இவ்விருவர் நூல்களே இலக்கணக் கல்விக்கு அடிப்படையாயின.

இங்கிலாந்தில் கி. பி. 1000ஐ ஒட்டி வாழ்ந்த ஏல்ஃபிரிக் என்னும் துறவி, இலத்தீன் இலக்கணத்தைப் பழைய ஆங்கிலத்தில் எழுதினார். ஆங்கிலத்திற்கே உரிய இலக்கணமாக முதலில் அச்சேறியது 1586இல் வில்லியம் புல்லோக்கர் வெளியிட்ட சிறுநூலாகும். அதுவும் இலத்தீன் பள்ளியிலக்கணத்தைப் பின்பற்றி எட்டு வகையே கூறிற்று. நாடகப் புலவர் பென் ஜான்சனின் இலக்கணம் அவர் மறைவிற்குப்பின் 1640இல் வெளிவந்தது. இலத்தீனின் எட்டையும் ஏற்ற அவர், ஆர்ட்டிகிளை ஒன்பதாவதாகச் சேர்த்தார். கணித அறிஞர் ஜான் வாலிஸ், 1653இல் தம் ஆங்கில இலக்கணத்தை இலத்தீன் மொழியிலேயே எழுதினாரெனினும், இலத்தீனின் வேற்றுமைகளையும் பால் பாகுபாட்டையும் ஆங்கிலத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது என மறுத்தார்.

18ஆம் நூற்றாண்டில் கருத்து வேறுபாடு மிகுந்தது. பின்னாளில் உயிர்வளி ஆராய்ச்சியாற் புகழெய்திய ஜோசப் பிரீஸ்ட்லி, 1761இல் பார்ட்டிசிப்பிளை நீக்கிப் பெயரடையைத் தனியாக்கி எட்டு எனக் கொண்டார். அடுத்த ஆண்டில் ராபர்ட் லௌத் ஆர்ட்டிகிளையும் கூட்டி ஒன்பது என்றார். 1795இல் வெளிவந்து பள்ளிகளில் மிகப் பரவிய லிண்ட்லி மர்ரேயின் நூலும் ஒன்பதே கூறிற்று. இந்திய மாணவர் நன்கறிந்த ரென், மார்ட்டின் இருவர்தம் நூல் எட்டு என்னும் கணக்கையே கொண்டது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. கிரேக்கரின் எட்டும் இன்றைய பள்ளிநூலின் எட்டும் எண்ணளவில் ஒன்றே, உறுப்பளவில் வேறு. ஆர்ட்டிகிளும் பார்ட்டிசிப்பிளும் வெளியேறின. வியப்புச்சொல்லும் பெயரடையும் உட்புகுந்தன. ஆங்கிலப் பெயரடை வேற்றுமையும் எண்ணும் காட்டாது திரிபின்றி நிற்றலின் அதனைப் பெயரினின்று பிரித்தது தக்கதே. ஆயின் அத்தகைய மாற்றங்களுக்குப் பின்னும் எட்டு என்னும் தொகை பிழைத்திருத்தல் மரபின் ஆற்றலையே காட்டும்.

பொருள் பற்றி மட்டும் வகை பிரித்தலின் குறையை ‘ரவுண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் தெளிவுறுத்தும். அது வட்டமான மேசையைக் குறிக்குங்கால் பெயரடை. குத்துச்சண்டையின் சுற்றைக் குறிக்குங்கால் பெயர். மூலையைச் சுற்றித் திரும்புதலைக் குறிக்குங்கால் வினை. வினையடையாகவும் முன்னிடைச்சொல்லாகவும் அது வரும். தொடரில் நிற்கும் இடமே வகையை உணர்த்துகின்றது. இதனை உணர்ந்த சார்லஸ் ஃபிரீஸ், 1952இல் தொலைபேசி உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, இடம்பற்றி நான்கு பெருவகைகளும், தொடர்ப்பணி புரியும் சொற்களில் 15 குழுக்களும் கண்டார். 2002இல் ஹடில்ஸ்டன், புல்லம் ஆகியோர் வெளியிட்ட பேரிலக்கணம் மாற்றுப்பெயரைப் பெயருள் அடக்கி, இணைப்புச்சொல்லை இரண்டாகப் பிரித்து, ஆர்ட்டிகிள் முதலியவற்றைத் தனிவகையாக்கி, ஒன்பது எனக் கொண்டது.

தொல்காப்பியம் பெயரும் வினையும் முதன்மையெனக் கொண்டு, இடையும் உரியும் அவற்றைச் சார்ந்து தோன்றும் என வகுத்தது. ஃபிரீஸ் கண்ட நான்கும் இந்நான்கும் ஒன்றெனக் கூறுதல் பிழையாகும். அவர் பணிச்சொற்களை நான்கின் புறத்தே வைத்தார். ஆயின் தன் மொழியின் இயல்பே வகைக்கு அளவாதல் வேண்டும் என்னும் நெறி இரண்டிற்கும் பொது. உரிச்சொல்லைப் பெயரடையெனவும், இடைச்சொல்லை முன்னிடைச்சொல்லெனவும் நேர்படுத்துவார், ஆங்கிலத்திற்கே முற்றும் பொருந்தாத அளவுகோலால் தமிழை அளப்போராவர்.

ஆகலின் ஆங்கிலச் சொல்வகை எத்தனை என வினவும் ஆசிரியர், எண்ணை மட்டும் விடையாகக் கொள்ளாது, ஒரு சொல் அவ்வகையினது என்பதற்குக் காரணம் யாதென வினவுதல் வேண்டும். அக்காரணத்தைக் கூறவல்ல மாணவனே இலக்கணம் கற்றவனாவான்.