கே-100 நீர்வழி

கே-100 நீர்வழி என்பது பெங்களூருவின் மெஜஸ்டிக் பகுதியில் தொடங்கி, சாந்திநகர், ஈஜிபுரம், கோரமங்களா வழியாகப் பெல்லந்தூர் ஏரியைச் சேரும் பழைய மழைநீர்க் கால்வாயையும், அதைச் சீரமைத்து அதன் ஓரமாக நடைபாதை அமைக்கும் திட்டத்தையும் குறிக்கும் பெயர். ஏறத்தாழ 11 கி.மீ. நீளமுள்ள இக்கால்வாய், நகரின் நடுப்பகுதியைத் தென்கிழக்கிலுள்ள மிகப் பெரிய ஏரியோடு இணைக்கிறது. 'குடிமக்கள் நீர்வழி' என்பது திட்டத்துக்கு வழங்கப்பட்ட பெயர். சிதறிக் கிடக்கும் பசுமை வெளிகளை நடப்போருக்காகவும் மிதிவண்டிகளுக்காகவும் இணைக்க, பல நகரங்கள் சாலைகளுக்கு மேலே பாலம் கட்டுகின்றன. பெங்களூருவில் அத்தகைய இணைப்பு ஒன்று பல நூற்றாண்டுகளாகச் சாலைகளுக்குக் கீழே இருந்துவந்தது. அதுவே இந்தக் கால்வாய்.

பெயர்

பெங்களூருவில் பெரிய மழைநீர்க் கால்வாய்களைக் கன்னடத்தில் 'ராஜகாலுவே' என்பர். தமிழ் பேசுவோர் ராஜகால்வாய் என்கின்றனர். மாநகராட்சிப் பதிவேடுகளில் ஒவ்வொரு முதன்மைக் கால்வாயும் அது ஓடும் பள்ளத்தாக்கின் ஆங்கில முதலெழுத்தையும் ஓர் எண்ணையும் கொண்டு குறிக்கப்படுகிறது. 'கே' என்பது கோரமங்களா. 100 என்பது அப்பள்ளத்தாக்கின் தாய்க் கால்வாய்க்கு உரிய எண். பொறியாளர்களின் கோப்புகளில் மட்டுமே புழங்கிய இக்குறியீடு, திட்டம் தொடங்கிய பிறகுதான் செய்தித்தாள்களுக்கும் பொதுப் பேச்சுக்கும் வந்தது.

நில அமைப்பு

கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவுக்கு வற்றாத ஆறு கிடையாது. நகரின் நடுவே வடக்கு தெற்காக ஒரு மேட்டு நிலம் ஓடுகிறது. அதன் மேற்கே பெய்யும் மழை விருஷபாவதி வழியாகக் காவிரிப் படுகைக்குப் போகிறது. கிழக்கே பெய்யும் மழை ஹெப்பாள், கோரமங்களா–செல்லகட்டா ஆகிய பள்ளத்தாக்குகள் வழியாகத் தென்பெண்ணையைச் சேர்கிறது. தென்பெண்ணையைக் கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்பர்.

இந்தச் சரிவைப் பயன்படுத்தித்தான் முன்னோர் ஏரிகளைத் தொடராக வெட்டினர். மேட்டு ஏரி நிறைந்து கலங்கல் வழியே வெளியேறும் நீர், கால்வாயில் இறங்கி அடுத்த ஏரியை நிரப்பும். அது நிறைந்தால் அதற்கும் கீழே உள்ளது நிரம்பும். காஞ்சிபுரம், மதுரைப் பக்கத்து ஏரித் தொடர்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மதகைத் திறந்து வயலுக்கு நீரை முறைவைத்துப் பாய்ச்சும் பொறுப்பு, தமிழகத்தின் நீர்கட்டியைப் போலவே, இங்கே 'நீருகண்டி' என்பவரிடம் இருந்தது. ஆகவே ராஜகால்வாய் என்பது தோற்றத்தில் சாக்கடை அன்று. ஓர் ஏரியின் மிகைநீரை மற்றோர் ஏரியிடம் ஒப்படைக்கும் வாய்க்கால்.

வரலாறு

1537இல் கெம்பேகவுடா நகரை நிறுவியதாகக் கொள்ளப்படுகிறது. தர்மாம்புதி, கெம்பாம்புதி போன்ற ஏரிகள் அக்காலத்தோடு இணைத்துப் பேசப்படுகின்றன. 1896இல் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்வழிக் குடிநீர் வந்தது. 1974இல் காவிரி நீர் வந்தது. குழாயில் நீர் வரத் தொடங்கியதும் ஊருக்குள் இருந்த ஏரிகள் வேலையிழந்தன. வேலையிழந்த ஏரி, காலி மனையாகக் கண்ணில் பட்டது.

தர்மாம்புதி இருந்த இடத்தில் இன்று கெம்பேகவுடா பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரியின் பெரும்பகுதி கண்டீரவா விளையாட்டரங்கம் ஆயிற்று. சூளை ஏரி கால்பந்து அரங்கமாகவும், அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி அரங்கமாகவும் மாறின. கோரமங்களா ஏரியின் மடியில் 1997ஆம் ஆண்டு தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் குடியிருப்பு எழுந்தது. ஏரிகள் போனபின்னும் அவற்றை இணைத்த கால்வாய் எஞ்சியது. மழை பெய்தால் நீர் அதே சரிவில்தான் இறங்கியாக வேண்டும் என்பதால் அதை முழுமையாக மூட முடியவில்லை. ஆனால் அதன் அகலம் குறுகியது. இருபுறமும் சுவர்கள் எழுந்தன. பாதாளச் சாக்கடையில் சேரவேண்டிய கழிவுநீர் அதற்குள் திருப்பிவிடப்பட்டது. வெயில் காலத்தில் வறண்டு கிடக்கவேண்டிய மழைநீர்க் கால்வாய் ஆண்டு முழுவதும் கறுப்பாக ஓடியதற்குக் காரணம் இதுவே.

அதன் விளைவு கடைமடையான பெல்லந்தூரில் தெரிந்தது. சுமார் 900 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரியில் நச்சு நுரை பொங்கிச் சாலைவரை பறந்தது; 2015, 2017, 2018 ஆண்டுகளில் ஏரியே தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் தீயை அணைக்க ராணுவ வீரர்கள் இறங்கவேண்டியிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஏரிச் சீரமைப்புக்கென 500 கோடி ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கவும் உத்தரவிட்டது. ஏரியை மட்டும் தூர்வாரிப் பயனில்லை, அதற்கு நீர் கொண்டுவரும் வழியைத் திருத்தவேண்டும் என்ற கருத்து இந்தப் பின்னணியில் வலுப்பெற்றது.

திட்டம்

கர்நாடக அரசும் பெங்களூரு மாநகராட்சியும் இணைந்து 2020களின் தொடக்கத்தில் கே-100 திட்டத்தை முன்னெடுத்தன. மதிப்பீடு சுமார் 175 கோடி ரூபாய். கட்டடக் கலைஞர் நரேஷ் நரசிம்மன் தலைமையிலான மாட் ஃபவுண்டேஷன் இதை வடிவமைத்தது. முதலில் பொதுமக்கள் கண்ணுக்குத் தெரியும்படி உருமாறியது சாந்திநகர் பேருந்து நிலையத்தை ஒட்டிய பகுதி.

வேலையின் வரிசையில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது. முதலில், கால்வாய்க்குள் கழிவுநீரைக் கொட்டும் குழாய்களைக் கண்டறிந்து, அந்த நீரைப் பாதாளச் சாக்கடைக்குத் திருப்பி, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அடுத்து, சேறும் நெகிழிக் குப்பையும் கட்டட இடிபாடுகளும் அகற்றப்பட்டுத் தளம் சரிசெய்யப்பட வேண்டும். பிறகு கரைச்சுவர். கற்பலகை, விளக்கு, இருக்கை, செடி ஆகியவை எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த வரிசை மாறினால், அழகிய நடைபாதையின் பக்கத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கவேண்டி வரும்.

கோடையில் கால்வாய் வறண்டுபோகாமல் இருக்கச் சுத்திகரித்த நீரை மெல்லிய ஓடையாக விடுவதும் திட்டத்தின் ஒரு கூறு. மழைக்காலத்தில் கால்வாயின் முழு அகலமும் வெள்ளத்துக்கே உரியது என்பதால், நடைபாதை கால்வாய்த் தளத்தில் இல்லாமல் கரைமட்டத்தில் அமைகிறது.

பாதையும் பாலங்களும்

நீளவாட்டில் நடப்பது ஒரு தேவை; குறுக்கே கடப்பது மற்றொன்று. கால்வாயின் இரு கரைகளிலும் இருக்கும் தெருக்கள் பல இடங்களில் முட்டுச் சந்துகள். எதிர்க் கரையிலிருக்கும் கடைக்கோ பள்ளிக்கோ போக, அடுத்த சாலைப்பாலம் வரை சுற்றவேண்டும். நான்கு எட்டு அகலமுள்ள ஒரு நடைப்பாலம் அந்தச் சுற்றை நிமிடக்கணக்கில் குறைத்துவிடும். எனவே கரையோரப் பாதையைவிடக் குறுக்கே போடப்படும் சிறு பாலங்களே அக்கம்பக்கத்தாரின் அன்றாட வாழ்வில் அதிகம் பயன்படுபவை.

கடினமான இடம், பெரிய சாலை குறுக்கிடும் இடம். அங்கே கால்வாய் சாலைக்கு அடியில் தாழ்ந்த கண்ணறைகளுக்குள் நுழைகிறது. நிமிர்ந்து நடக்க உயரம் கிடையாது. மழையில் நீர் கூரையைத் தொடும். ஆகவே நடப்பவர் மேலேறிச் சாலைக்கு வந்து, போக்குவரத்தின் ஊடே கடந்து, மறுபக்கம் இறங்கவேண்டும். நடப்பவர் எப்படியோ கடந்துவிடுவார். மிதிவண்டிக்காரருக்குப் படிக்கட்டு என்பது சுவருக்குச் சமம். அவருக்குச் சாய்தளம் வேண்டும், சாலையில் நின்று கடக்க ஒரு சமிக்ஞையும் வேண்டும். முதியவரின் சக்கர நாற்காலிக்கும் குழந்தையின் தள்ளுவண்டிக்கும் இதே தேவைதான். பெங்களூருவில் நடப்போருக்கென எழுந்த இரும்பு மேம்பாலங்களில் பல, படியேறிக் கடக்கும் வகையைச் சேர்ந்தவை. கரையோரப் பாதைக்கு அவை ஏற்ற துணையல்ல.

மிதிவண்டித் தடங்களில் நகருக்கு ஏற்கெனவே ஒரு பட்டறிவு உண்டு. கொரோனா காலத்தில், 2020இல், வெளிவட்டச் சாலையோரம் தற்காலிகத் தடம் ஒன்று குறிக்கப்பட்டது. வண்டிகள் நிறுத்தப்பட்டதாலும், பின்னர் வந்த மெட்ரோ பணிகளாலும் அது நிலைக்கவில்லை. மோட்டார் வண்டி நுழைய முடியாத கால்வாய்க் கரைக்கு அந்த வகையில் ஓர் அனுகூலம் உண்டு. இரு சக்கர வாகனங்களைத் தடுக்கும் கம்பங்களை நுழைவாயிலில் நட்டாலொழிய அந்த அனுகூலமும் நீடிக்காது.

சட்டமும் கரையும்

கால்வாய்க்கு இருபுறமும் எவ்வளவு இடம் விடவேண்டும் என்பது நீண்ட வழக்காக இருந்தது. 2016இல் பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளுக்கு 75 மீட்டரும், முதன்மைக் கால்வாய்களுக்கு 50 மீட்டரும் விடும்படி ஆணையிட்டது. நகரத் திட்ட விதிகளைத் தீர்ப்பாயம் மாற்ற முடியாது என்று கூறி 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அகன்ற கரை உள்ள இடத்தில் மரம், நடை, மிதிவண்டி மூன்றுக்கும் இடம் கிடைக்கும். நெருக்கமான பழைய நகரில் வீட்டுச் சுவரே கரை. அங்கே பாதைக்குக் கிடைப்பது ஓர் ஆள் அகலம்.

2022 செப்டம்பரில் கிழக்குப் பெங்களூருவின் தொழில்நுட்பப் பூங்காக்களும் குடியிருப்புகளும் வெள்ளத்தில் மிதந்தன. மக்கள் டிராக்டர்களில் அலுவலகம் போன காட்சிகள் நாடெங்கும் பரவின. அதன்பின் ராஜகால்வாய் ஆக்கிரமிப்புகளை இடிக்கும் பணி தீவிரமானது. சிறு வீடுகள் முதலில் இடிபடுகின்றன, பெரிய நிறுவனங்கள் தடையாணை பெற்றுத் தப்பிக்கின்றன என்ற குறை அப்போதும் எழுந்தது. 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி 5 மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சரிவில் ஓடும் கால்வாய், இப்போது நிர்வாக எல்லைகளைக் கடந்து ஓடுகிறது.

பிற நகரங்கள்

கே-100 பேசப்படும் இடமெல்லாம் தென்கொரியத் தலைநகர் சியோலின் சொங்கேசொன் ஓடையும் பேசப்படும். அந்த ஓடையை மூடிநின்ற உயர்மட்டச் சாலையை 2003இல் இடிக்கத் தொடங்கி, 2005க்குள் 5.8 கி.மீ. நீர்வழியைத் திறந்துவிட்டனர். அதில் ஓடும் நீரின் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இறைக்கப்படுகிறது. பெங்களூருவுக்கு அப்படி இறைக்க ஆறு இல்லை. சுத்திகரித்த கழிவுநீரே அதன் ஆறு.

சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. சிமெண்டுக் கால்வாய், 2012இல் வளைந்து நெளியும் ஆறாக மாற்றித் திறக்கப்பட்டது. பாலத்தாலேயே பசுமையை இணைத்ததற்கும் அங்கே சான்று உண்டு: 2008இல் திறக்கப்பட்ட ஹெண்டர்சன் வேவ்ஸ், 274 மீட்டர் நீளத்தில், சாலைக்கு 36 மீட்டர் மேலே, மவுண்ட் ஃபேபர் பூங்காவையும் தெலுக் பிளாங்கா மலைப் பூங்காவையும் சேர்க்கிறது. இந்தியாவில் இதற்கு நெருங்கியது அகமதாபாத்தில் சபர்மதியின் இரு கரைகளையும் இணைக்கும் அடல் பாலம். சுமார் 300 மீட்டர் நீளமுள்ள அந்த நடைப்பாலம் 2022 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

கீழ்நிலையும் தமிழ்நாடும்

கே-100 பெல்லந்தூரில் முடிந்தாலும் நீர் அங்கே நிற்பதில்லை. பெல்லந்தூரிலிருந்து வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும் இறங்கி, தமிழ்நாட்டில் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பெங்களூருவில் மழை பெய்து அணையின் மதகுகள் திறக்கப்படும்போது, ஆற்றில் வெண்ணுரை மலைபோல் எழுவதும், அது வயல்களிலும் தரைப்பாலங்களிலும் படிவதும், உழவர்கள் துர்நாற்றம் குறித்து முறையிடுவதும் ஓசூர்ப் பகுதியில் ஆண்டுதோறும் வரும் செய்தி. அதற்கும் கீழே கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து ஆறு கடலூர் அருகே கடலில் கலக்கிறது.

2018 முதல் கோரமங்களா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீரில் ஒரு பகுதி, குழாய்வழியே கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்குத் திருப்பப்படுகிறது. நிலத்தடி நீர் உயர்ந்ததாக வரவேற்போரும், மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு செய்யாமல் அனுப்பக்கூடாது என வாதிடுவோரும் அங்கே உள்ளனர்.

சாந்திநகரின் கரைப்பாதையில் நடப்பவர் கல்பதித்த தளத்தையும் செடிகளையும் காண்கிறார். கால்வாயில் கழிவு கலப்பது நின்றதா என்பதைக் கரைப்பாதை காட்டாது. கெலவரப்பள்ளி மதகின் நுரை காட்டும்.