ரோல்பிளே ஆட்டங்களில் நகைச்சுவை மிகுபுனைவு

நகைச்சுவை மிகுபுனைவு நாவல்களின் பாத்திரங்களையும் மாயத்தையும் மேசை ரோல்பிளே ஆட்டங்களின் விதிகளாக மாற்றும் முயற்சி 1970களில் அமெரிக்காவில் தொடங்கியது. இவ்வகை ஆட்டத்தில் சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை வாயால் சொல்லி ஆடுகிறார்கள். ஆட்ட நடத்துநர் ஒருவர் கதையுலகத்தையும் மற்ற பாத்திரங்களையும் கவனித்துக்கொள்கிறார். ஒரு செயல் பலிக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் பகடை உருட்டப்படுகிறது. பாத்திரத்தின் வலிமை, அறிவு, திறமை ஆகியவை எண்களாக ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும்.

சாகசக் கதையை இப்படி எண்களாக்குவது எளிது. நகைச்சுவைக் கதையை ஆக்குவது கடினம். வீரன் எவ்வளவு பலமாக வெட்டுவான் என்பதை அளக்கலாம். கோழை எந்த நொடியில் ஓடினால் வாசகர் சிரிப்பார் என்பதை அளக்க முடியாது. மேலும் இந்த நாவல்களில் பாதிச் சிரிப்பு கதைசொல்லியின் குரலில் இருக்கிறது; ஆட்டத்தில் அந்தக் குரலுக்கு இடமில்லை. ஜாக் வான்ஸ், ஃப்ரிட்ஸ் லைபர், டெர்ரி பிராட்செட் ஆகிய மூவரின் படைப்புகளை ஒட்டி எழுந்த ஆட்டங்களில் இந்தச் சிக்கலுக்கான விடைகள் படிப்படியாக உருவாயின.

தொடக்க கால மூலங்கள்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. வணிக முறையில் வெளியான முதல் ரோல்பிளே ஆட்டம் இதுவே. 1979இல் வந்த நடத்துநர் கையேட்டின் பின்னிணைப்பு ஒன்றில், தம்மைப் பாதித்த எழுத்தாளர்களைக் கைகாக்ஸ் பட்டியலிட்டார். அதில் வான்ஸும் லைபரும் இருந்தனர், எல். ஸ்பிரேக் டி கேம்ப், ஃபிளெட்சர் பிராட் இருவரும் சேர்ந்து எழுதிய ஹாரல்ட் ஷே கதைகளும் இருந்தன. 1940இல் 'அன்னோன்' இதழில் தொடங்கிய அந்தக் கதைகளின் நாயகன் ஓர் உளவியலாளன். தர்க்கச் சூத்திரங்களைச் சொல்லியே அவன் பழந்தொன்ம உலகங்களுக்குள் போய்விடுகிறான். அங்கே மாயத்துக்கும் இயற்பியலைப் போல விதிகள் உண்டு. அவற்றை அரைகுறையாகப் பயன்படுத்தி அவன் மாட்டிக்கொள்வதுதான் வேடிக்கை. மாயத்தை விதிகளுக்கு உட்பட்டதாகக் கருதும் இந்தப் பார்வை ஆட்ட வடிவமைப்பாளர்களுக்கு வாகாக அமைந்தது.

மாய விதிகளின் அடிப்படை வான்ஸிடமிருந்து வந்தது. அவரது 'தி டையிங் எர்த்' (1950) நூலில், சூரியன் அணையப்போகும் தொலைதூர எதிர்காலத்தில் மந்திரவாதிகள் வாழ்கிறார்கள். ஒருவரது மனத்தில் ஒரே நேரத்தில் சில மந்திரங்களே தங்கும். ஒரு மந்திரத்தைச் சொன்னதும் அது மறந்துபோகும்; திரும்பவும் படித்துத்தான் ஏற்ற வேண்டும். கைகாக்ஸ் இதை அப்படியே விதியாக்கினார். முதல் நிலை மந்திரவாதிக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம் என்ற புகழ்பெற்ற வரம்பு இப்படித்தான் பிறந்தது. மாய சக்திக்கு எல்லை கட்ட இது வசதியான வழி.

ஆனால் வான்ஸின் அங்கதம் இந்த மாற்றத்தில் தங்கவில்லை. 'தி ஐஸ் ஆஃப் தி ஓவர்வேர்ல்ட்' (1966) நாவலில் குகெல் என்ற எத்தன், தன்னை நாடுகடத்திய மந்திரவாதியைப் பழிவாங்க அரும்பாடுபட்டுத் திரும்பி வருகிறான். கடைசியில் மந்திரத்தைத் தப்பாகச் சொல்லி, முன்பு வீசப்பட்ட அதே கடற்கரைக்குத் தானே தூக்கிச் செல்லப்படுகிறான். 1974 விதிகளில் மந்திரவாதிக்கு உச்சரிப்புப் பிழை கிடையாது. மந்திரம் வேலை செய்யும். அல்லது எதிராளி தப்பிப்பான். குகெலின் தோல்வியை அந்த விதிகளால் உண்டாக்க முடியாது.

லைபரின் இரட்டையர்

லைபரின் ஃபாஃப்ஹர்ட், கிரே மௌசர் என்னும் இரண்டு திருடர்களுக்கும் மேசை ஆட்டத்துக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. அவர்கள் உலவும் லாங்க்மார் நகரை மையமாகக் கொண்ட ஒரு பலகை ஆட்டத்தை லைபரும் அவருடைய நண்பர் ஹாரி ஃபிஷரும் 1937இலேயே வீட்டளவில் உருவாக்கியிருந்தனர். டிஎஸ்ஆர் நிறுவனம் அதன் ஒரு வடிவத்தை 1976இல் வெளியிட்டது. 1980இல் அதே நிறுவனம் கொண்டுவந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' நூலில் இந்த இரட்டையருக்குப் போர்த்திறன், உயிர்ப்புள்ளி உள்ளிட்ட எண்கள் தரப்பட்டன. 1985இல் லாங்க்மார் நகரத்துக்கே தனி நூல் வந்தது.

அக்கால வழக்கப்படி இவை பாத்திரத்தின் ஆற்றலை அளந்தன. இருவரும் ஒருவரையொருவர் கேலி செய்வதும், கொள்ளையடித்த பொருளைக் குடித்துத் தீர்ப்பதும் எண்களுக்குள் வரவில்லை. அவற்றை ஆடுவோரின் கைத்திறனுக்கே விட்டுவிட்டார்கள்.

தோல்வியை விதியாக்குதல்

நகைச்சுவையை விதிக்குள்ளேயே வைக்கலாம் என்பதைக் காட்டியது நாவலைத் தழுவாத ஓர் ஆட்டம். கிரெக் காஸ்டிக்யன் வடிவமைத்து ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1984இல் வெளியிட்ட 'டூன்', கார்ட்டூன் படங்களைப் பின்பற்றியது. இதில் உயிர்ப்புள்ளி தீர்ந்தால் பாத்திரம் சாவதில்லை, 'விழுந்துவிடுகிறது'. ஆடுபவர் மூன்று நிமிடம் சும்மா இருந்துவிட்டுத் திரும்பி வரலாம். தோற்றால் இழப்பு ஒன்றுமில்லை என்றானதும் ஆடுவோர் துணிந்து அசட்டுத்தனம் செய்யத் தொடங்கினார்கள். ஆடுபவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை ஒரு விதியால் மாற்ற முடியும் என்ற பாடம் பின்னாளைய தழுவல்களுக்கு உதவியது.

டிஸ்க்வேர்ல்ட்: கர்ப்ஸ் பதிப்புகள்

பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் வரிசை 1983இல் 'தி கலர் ஆஃப் மேஜிக்' நாவலுடன் தொடங்கியது. நான்கு யானைகளின் முதுகில், அந்த யானைகள் ஒரு பேராமையின் மேல் நிற்க, தட்டு வடிவ உலகம் ஒன்று விண்வெளியில் செல்கிறது. அந்த முதல் நாவலே ஆட்டங்களைக் கேலி செய்தது. லைபரின் இரட்டையரை நையாண்டி செய்யும் இருவர் தொடக்கத்திலேயே வருகிறார்கள். ஒரு பகுதியில் கடவுளர் பகடை உருட்டி மனிதர்களைக் காய்களாக நகர்த்துகிறார்கள்.

இந்த உலகத்துக்கான அதிகாரபூர்வ ஆட்டம் 'கர்ப்ஸ் டிஸ்க்வேர்ல்ட்' என்ற பெயரில் 1998இல் வெளிவந்தது. எழுதியவர் ஃபில் மாஸ்டர்ஸ். பிராட்செட்டின் பெயரும் ஆசிரியராக இடம்பெற்றது. படங்களை வரைந்தவர் பால் கிட்பி. கர்ப்ஸ் என்பது ஸ்டீவ் ஜாக்சன் 1986இல் வெளியிட்ட பொது விதித்தொகுப்பு. எந்தக் கதையுலகத்துக்கும் பொருந்த வேண்டும் என்பது அதன் நோக்கம். ஒவ்வொரு பாத்திரமும் புள்ளிகளைக் கொடுத்து வாங்கப்படுகிறது. நல்ல குணங்களுக்குப் புள்ளி செலவாகும். குறைகளை ஏற்றால் புள்ளி திரும்பக் கிடைக்கும். செயலைத் தீர்மானிக்க மூன்று பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகை திறமை எண்ணுக்குள் வர வேண்டும்.

குறைக்குக் கூலி தரும் இந்த ஏற்பாடு பிராட்செட்டின் பாத்திரங்களுக்குப் பொருந்தியது. தோற்றுப்போன மந்திரவாதி ரின்ஸ்விண்டைப் போன்ற ஒருவரைக் கர்ப்ஸ் மூன்றாம் பதிப்பின் விதிப்படி அமைப்பதாகக் கொள்ளலாம். கோழைத்தனத்தை ஏற்றால் 10 புள்ளிகள் கிடைக்கும். அதை ஓட்டத்திலும் பிறமொழிகளிலும் செலவிடலாம். 15 புள்ளிக்கு 'அதிர்ஷ்டம்' வாங்கினால், ஆடும் நேரத்தில் ஒரு மணிக்கு ஒரு முறை, மோசமாக விழுந்த பகடையை மேலும் இரு முறை உருட்டிச் சிறந்ததை எடுத்துக்கொள்ளலாம். எங்கும் பின்தொடரும், கால்கள் முளைத்த மூர்க்கப் பெட்டியைத் 'துணைவர்' என்ற தலைப்பில் சேர்க்கலாம். அதன் வலிமைக்கும் எவ்வளவு அடிக்கடி வந்து நிற்கும் என்பதற்கும் ஏற்ப விலை மாறும். இறுதியில் மந்திரமே போடத் தெரியாத, ஆனால் எதிலிருந்தும் தப்பிவிடும் ஒரு மந்திரவாதி தாளில் உருவாகிவிடுவார்.

மாயத்தைப் பொருத்துவது அவ்வளவு எளிதாக இல்லை. கர்ப்ஸின் வழக்கமான முறையில் ஒவ்வொரு மந்திரமும் தனித்தனியாகக் கற்கவேண்டிய திறமை. போடும்போது உடல் வலு விலையாகக் கழிகிறது. இடத்துக்கு இடம் மாயத்தின் அடர்த்தி ஐந்து மட்டங்களாக மாறுபடும். மிக உயர்ந்த மட்டத்தில் படுமோசமான தோல்வி பெரும் விபத்தாக முடியும். மாயம் கசிந்து கிடக்கும் டிஸ்க்வேர்ல்டுக்கு இந்தக் கடைசி விதி ஏற்றது. ஆனால் நாவல்களின் மந்திரவாதிகள் விருந்துண்டு தூங்குபவர்கள். மாயத்தைப் பயன்படுத்தாமல் இருப்பதே அறிவு என்று எண்ணுபவர்கள். கிரானி வெதர்வாக்ஸ் போன்ற சூனியக்காரிகள் மந்திரத்தைவிட எதிராளியின் நம்பிக்கையையும் பயத்தையும் வைத்தே காரியம் சாதிப்பவர்கள். அவர்களுக்கு மந்திரப் பட்டியலைவிட உளவியல், பேச்சு, மிரட்டல் ஆகிய சாதாரணத் திறமைகளே முக்கியமாகின்றன.

நிகழ்தகவிலும் ஓர் இடறல் இருந்தது. பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில் மட்டுமே வாய்ப்புள்ள காரியம் கட்டாயம் நடந்தே தீரும் என்பது 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' (1989) நாவலின் தொடர் வேடிக்கை. அதற்காகக் காவலர்கள் தங்கள் வாய்ப்பைச் சரியாக அந்த அளவுக்குக் குறைக்கப் பாடுபடுகிறார்கள். மூன்று பகடைகளிலும் ஒன்று என்ற எண்ணே விழும் வாய்ப்போ 216இல் 1. கதையின் தர்க்கத்தால் நடப்பதைப் பகடையின் கணக்கு காட்டாது. நடத்துநர்தான் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியிருந்தது.

2001இல் துணைநூலாக 'கர்ப்ஸ் டிஸ்க்வேர்ல்ட் ஆல்ஸோ' வந்தது. முதல் நூல் பின்னர் 'டிஸ்க்வேர்ல்ட் ரோல்பிளேயிங் கேம்' என்று பெயர் மாற்றி மறுபடி அச்சானது. பிராட்செட் 2015 மார்ச்சில் மறைந்தார். கர்ப்ஸ் நான்காம் பதிப்பின் விதிகளுக்கு ஏற்ப மாஸ்டர்ஸ் திருத்தி எழுதிய இரண்டாம் பதிப்பு அதன் பிறகே வெளியானது.

டையிங் எர்த் ஆட்டம்

ராபின் டி. லாஸ் வடிவமைத்து, லண்டனைச் சேர்ந்த பெல்கிரேன் பிரஸ் 2001இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த் ரோல்பிளேயிங் கேம்' வேறு வழியில் சென்றது. வான்ஸின் உலகில் சண்டை வாளால் நடப்பதைவிட வாயால் நடப்பதே அதிகம். ஆகவே இணங்கவைத்தலும் மறுத்தலும் ஆட்டத்தின் முதன்மைத் திறமைகளாயின. இணங்கவைப்பதில் நயமாகப் பேசுவது, குழப்பிவிடுவது, மிரட்டுவது முதலிய பாணிகள் உண்டு. மறுப்பதிலும் மந்தமாக இருப்பது, வழக்கறிஞரைப் போல வாதிடுவது, எதற்கும் எதிராகப் பேசுவது என்று பாணிகள் உண்டு. சில பாணிகள் சிலவற்றை மடக்கும்.

உருட்டுவது ஒரே ஓர் ஆறுமுகப் பகடை. நான்கும் அதற்கு மேலும் வெற்றி. மூன்றும் அதற்குக் கீழும் தோல்வி. தோற்றவர் தம் திறமையின் கையிருப்பிலிருந்து புள்ளி கொடுத்து மீண்டும் உருட்டலாம். வாடகை ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று விடுதிக்காரரிடம் சாதிக்கும் எத்தன் ஒருவன் முதலில் இரண்டு போட்டுத் தோற்கிறான். புள்ளி கட்டி ஐந்து போடுகிறான். விடுதிக்காரர் மறுத்து உருட்டுகிறார். யாரோ ஒருவரின் கையிருப்பு தீரும்வரை வாக்குவாதம் நீள்கிறது. வெற்றியைவிட இழுபறியே நேரத்தை எடுத்துக்கொள்வதால் காட்சி தானாகவே வேடிக்கையாகிறது.

ஆணவம், பேராசை, சாப்பாட்டு மோகம், சோம்பல் முதலிய ஆறு சபலங்களை எதிர்க்கும் ஆற்றலும் தாளில் எண்ணாக இருக்கும். எதிர்ப்பு தோற்றால் பாத்திரம் விருந்தை விட்டு எழாது. ஒவ்வொரு அமர்விலும் ஆடுபவர்களுக்குச் சில முன்கூட்டிய வசனங்கள் கொடுக்கப்படும். பொருத்தமான இடத்தில் சொல்லி மேசையைச் சிரிக்கவைத்தால் பாத்திரத்தை மேம்படுத்தும் புள்ளி கிடைக்கும். கதைசொல்லியின் குரலை ஆடுவோரின் வாயில் கொண்டுவர எடுக்கப்பட்ட தெளிவான முயற்சி இது. பாத்திரங்கள் குகெல், டுர்ஜன், ரியால்டோ என்ற மூன்று வான்ஸ் நாயகர்களின் பெயரால் மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டன. அடிமட்ட எத்தர் முதல் பேராற்றல் கொண்ட மந்திரவாதி வரை, எந்த நிலையிலும் வாய்ச்சண்டை விதிகள் மாறுவதில்லை.

நரேட்டிவியம்

டிஸ்க்வேர்ல்டின் அடுத்த ஆட்டத்தை இங்கிலாந்தின் மோடிஃபியஸ் நிறுவனம் 'அட்வென்ச்சர்ஸ் இன் அங்க்-மார்போர்க்' என்ற தலைப்பில் உருவாக்கியது. அதற்கான கூட்டு நிதி திரட்டல் 2024இல் நடந்தது. இதில் திறமைப் பட்டியல் இல்லை. பாத்திரத்தை விவரிக்கும் சொற்றொடர்களே உள்ளன. ஒரு காரியத்துக்குத் தம் குணங்களில் ஒன்று எப்படி உதவும் என்று ஆடுபவர் வாதாட வேண்டும். வாதம் எவ்வளவு எடுபடுகிறது என்று பார்த்து நடத்துநர் அவருக்கு 4, 6, 10, 12 முகப் பகடைகளில் ஒன்றைத் தருகிறார். நடத்துநர் எப்போதும் எட்டு முகப் பகடையையே உருட்டுகிறார்.

அந்தப் பகடையின் பெயர் நரேட்டிவியம். நிகழ்ச்சிகளைக் கதையாக நடக்கவைக்கும் தனிமம் என்று டிஸ்க்வேர்ல்ட் நூல்களில் சொல்லப்படுவது இது. எட்டு அந்த உலகின் மாய எண்ணாகும்: மாயத்தின் நிறம் வானவில்லின் எட்டாவது நிறம், ரின்ஸ்விண்டின் தலையில் சிக்கியது எட்டு மாமந்திரங்களில் ஒன்று. நான்கு முகப் பகடை எட்டு முகப் பகடையை வெல்வது அரிது, ஆயினும் நடக்கக்கூடியது. பாத்திரம் எவ்வளவு வலியது என்பதை இந்த ஆட்டம் அளப்பதில்லை. சொன்ன காரணம் எவ்வளவு சுவையானது என்பதை அளக்கிறது.

பொதுக் கூறுகள்

இந்தத் தழுவல்களில் மூன்று தீர்வுகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. முதலாவது, நாவலின் நாயகர்களை ஆடுவதைவிட, அதே உலகில் புதிய பாத்திரங்களை ஆடச் செய்வது. ரின்ஸ்விண்டும் குகெலும் மாதிரிகளாகவோ வழியில் சந்திப்பவர்களாகவோ நிற்பார்கள். இரண்டாவது, குறைகளுக்கும் தோல்விகளுக்கும் கூலி கொடுப்பது. கர்ப்ஸ் அதைப் பாத்திரம் அமைக்கும்போது ஒரே முறை கொடுக்கிறது. பிந்தைய ஆட்டங்கள் ஆடும்போதே பேச்சுக்குக் கொடுக்கின்றன. மூன்றாவது, மரணம், கடவுளர் போன்ற அளவிட முடியாத பாத்திரங்களை எண்களுக்கு வெளியே நடத்துநரிடம் விட்டுவிடுவது.

எதிர்வாதமும் உண்டு. விரிவான எண்கள் இருந்தால் ஆட்டம் பல மாதங்கள் தொடரும். பாத்திரம் வளர்வதும் கண்ணுக்குத் தெரியும். வசனத்துக்கும் வாதத்துக்கும் பரிசு தரும் ஆட்டங்கள் வாய்ச்சாலகர்களுக்குச் சாதகமானவை, கூச்சமுள்ளவர் பின்தங்குவார். இதனால்தான் கர்ப்ஸ் வகையும் கதை வகையும் ஒன்றையொன்று நீக்கிவிடாமல், டிஸ்க்வேர்ல்டுக்கே இரு வேறு வடிவங்களாக அமைந்துள்ளன.