கல்லூரிக் கூடைப்பந்துப் பருவம் (ஆடவர்), கவரைப்பேட்டை வட்டாரம்

ஒரு கல்வியாண்டில் ஒரு கல்லூரியின் ஆடவர் கூடைப்பந்து அணி ஆடும் ஆட்டங்கள் எல்லாம் சேர்ந்தது அந்த அணியின் பருவம். கவரைப்பேட்டை, திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், சென்னை–கூடூர் ரயில் பாதையில் பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே உள்ள ஊர். நெல்வயலும் சிப்காட் ஆலைகளும் அடுத்தடுத்து இருக்கும் இந்த வட்டாரத்துக்கு முதலில் வந்த கல்லூரி, பொன்னேரியில் 1965இல் தொடங்கிய உலகநாத நாராயணசாமி அரசு கலைக் கல்லூரி. கவரைப்பேட்டையில் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி 1995இலும், ஆர்.எம்.டி. பொறியியல் கல்லூரி 2001இலும், பக்கத்துப் புதுவாயலில் ஆர்.எம்.கே. பொறியியல் மற்றும் தொழில்நுட்பக் கல்லூரி 2008இலும் வந்தன. ஒரே ஸ்டேஷன் தூரத்தில் இத்தனை கல்லூரிகள் இருந்தும், பொன்னேரிக் கல்லூரியின் கூடைப்பந்துப் பருவமும் பொறியியல் கல்லூரிகளின் பருவமும் ஒன்றோடொன்று சேரவில்லை. காரணம் விளையாட்டில் இல்லை, கல்லூரிகளின் இணைப்பில் இருக்கிறது.

ஆட்டம் வந்த வழி

கூடைப்பந்து 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் பிறந்தது. குளிர்காலத்தில் மாணவர்களை உள்ளரங்கில் ஓடியாட வைக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பழக்கூடைகளை மாட்டி, 13 விதிகளை எழுதினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி க்ரோ பக் 1919இல் சென்னைக்கு வந்தார். 1920இல் அவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் இன்று நந்தனத்தில் இருப்பது. தமிழ்நாட்டில் கூடைப்பந்து பெருநகரத்தோடு நின்றுவிடாமல் பெரியகுளம், கரூர் போன்ற ஊர்களிலும் வேர் பிடித்ததற்கு, இப்படிப் பயிற்சி பெற்று ஊர் ஊராகப் போன பி.டி. வாத்தியார்களின் உழைப்பையே நான் முதல் காரணமாகச் சொல்வேன். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், இரண்டு கம்பம், ஒரு பந்து போதும். கிரிக்கெட் மைதானத்துக்கு இடமில்லாத பள்ளிகூட இந்த ஆட்டத்தை வைத்துக்கொள்ள முடிந்தது.

கல்லூரிகளில் இது முதலில் கலைக் கல்லூரிகளின் ஆட்டமாகவே வளர்ந்தது. சென்னை லயோலா கல்லூரி தன் நிறுவனர் பெயரில் நடத்தும் பெர்ட்ரம் நினைவுப் போட்டி, கல்லூரி அணிகள் ஒன்றையொன்று அளந்து பார்க்கும் பழைய களங்களில் ஒன்று. 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு அனுமதி தந்த பிறகு நிலைமை மாறியது. நகருக்கு வெளியே பரந்த வளாகங்கள் எழுந்தன. ஹாஸ்டலும் கோர்ட்டும் ஒரே மதிற்சுவருக்குள் வந்தன. உயரமான பிளஸ் டூ மாணவனைத் தேடிப் பிடித்து, கட்டணச் சலுகை தந்து சேர்க்கும் பழக்கமும் கூடவே வந்தது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென ஒதுக்கப்படும் 500 இடங்கள் இன்னொரு கதவு.

இணைப்பும் பிரிவும்

1995இல் தொடங்கிய ஆர்.எம்.கே. கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. பொன்னேரி அரசுக் கல்லூரியும் அதன் கீழ்தான். 2001இல் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. அன்றிலிருந்து பொன்னேரி மாணவன் ஒரு பல்கலைக்கழக அணிக்கு முயல்கிறான், கவரைப்பேட்டை மாணவன் வேறொன்றுக்கு. 2007இல் அண்ணா பல்கலைக்கழகம் பல துண்டுகளாகப் பிரிந்து, 2012இல் மீண்டும் ஒன்றானது. ஒன்றானபோது அதன் கீழ் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருந்தன. பல்கலைக்கழக அணியில் இடம் எப்போதும் போல 12 பேருக்குத்தான்.

இந்தக் கணக்குதான் வட்டாரத்துப் பருவத்தின் தலையெழுத்தை எழுதுகிறது. இணைப்புக் கல்லூரியின் அணி முதலில் மண்டலப் போட்டியில் ஆட வேண்டும். அதில் வென்றால் மண்டலங்களுக்கு இடையிலான போட்டி, மாணவர் பேச்சில் 'இன்டர்-ஜோன்'. அங்கே முதலிடம் பிடித்தாலும் அந்த அணி அதற்கு மேல் போகாது. அங்கிருந்து ஆட்கள் மட்டும் தனித்தனியாகப் பொறுக்கி எடுக்கப்பட்டுப் பல்கலைக்கழக அணி உருவாகிறது. அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே முதல் நான்கு இடங்களைப் பிடித்தால் அகில இந்தியப் போட்டி.

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கதை வேறு. வி.ஐ.டி., சத்யபாமா 2001இலும், எஸ்.ஆர்.எம். 2002இலும், ஹிந்துஸ்தான் 2008இலும் அந்தத் தகுதியைப் பெற்றன. அவற்றுக்கு வளாகத்து அணிதான் பல்கலைக்கழக அணி. ஆண்டு முழுதும் ஒன்றாகப் பயிற்சி செய்த பையன்களே தென்மண்டலத்தில் நேராக இறங்குகிறார்கள். எதிரே நிற்பது, சில வார முகாமில் சந்தித்துக்கொண்ட பன்னிரண்டு கல்லூரி மாணவர்கள். கூடைப்பந்தில் ஒருவன் வெட்டி ஓடும்போது பந்து எங்கே வரும் என்று இன்னொருவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது முகாமில் வந்துவிடாது. இந்த ஏற்பாடு இணைப்புக் கல்லூரி அணிகளுக்கு நியாயமாக இல்லை என்பது என் துணிபு.

அமெரிக்காவில் கல்லூரி அணியே கடைசிவரை ஆடுகிறது. 1939இல் ஆரிகன் அணி முதல் பட்டம் வென்ற என்.சி.ஏ.ஏ. போட்டி, இப்போது 68 அணிகளோடு மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை நடக்கிறது. அதற்கு முன் நவம்பரிலிருந்து ஒவ்வோர் அணியும் ஏறத்தாழ 30 ஆட்டங்கள் ஆடி முடித்திருக்கும்.

மண்டலப் போட்டி நாள்

இங்கே ஒரு பருவம் ஒரே காலையில் முடிந்துபோகலாம். மண்டலப் போட்டி பெரும்பாலும் நாக்-அவுட். நடத்தும் கல்லூரியில் காலையில் அணிகள் வந்து இறங்கும். உடற்கல்வி இயக்குநர்கள் தகுதிப் படிவங்களை, புகைப்படத்தை, முதல்வர் கையொப்பத்தைச் சரிபார்ப்பார்கள். மரத்தடியில் பையைப் போட்டுவிட்டுப் பையன்கள் கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பத்து நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர். முதல் ஐவரில் உயரமானவன் மூன்றாவது ஃபவுலை இரண்டாம் குவார்ட்டரிலேயே வாங்கிவிட்டால், அவனை உட்காரவைப்பதா ஆடவிடுவதா என்ற ஒரே முடிவில் ஆண்டுக் கணக்கு தீர்ந்துவிடும். தோற்ற அணி மதியச் சாப்பாட்டுக்குள் பேருந்தில் ஏறிவிடும். அடுத்த ஆட்டம் அடுத்த ஆண்டு.

அதற்காக உழைப்பு குறைவதில்லை. நகருக்கு வெளியே உள்ள பொறியியல் கல்லூரிகளில் மாலை வகுப்பு முடிந்ததும் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாகக் கிளம்பிவிடும். பயிற்சிக்கு நின்றால், வீட்டிலிருந்து வரும் மாணவன் புறநகர் ரயிலைத்தான் நம்ப வேண்டும். ஹாஸ்டல் மாணவர்களே அணியின் முதுகெலும்பாக இருப்பது இதனால்தான். போட்டிக்குப் போன நாளுக்கு 'ஓ.டி.' (ஆன் டியூட்டி) அனுமதி வாங்க வேண்டும், இல்லையென்றால் 75 சதவீத வருகைப்பதிவு இடிக்கும். இறுதியாண்டு மாணவனுக்கு இன்னொரு நெருக்கடி. ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் மண்டலப் போட்டியும் வரும், வளாக வேலைவாய்ப்புத் தேர்வும் வரும். நான்காண்டு அனுபவம் உள்ள கேப்டன், கழுத்தில் டையோடு நேர்காணலில் உட்கார்ந்திருக்கும்போது, அவன் இடத்தில் இரண்டாமாண்டுப் பையன் பந்தை ஏற்றிக்கொண்டு போவான்.

பிறகு மழை. வடகிழக்குப் பருவமழையில் திருவள்ளூர் மாவட்டம் நன்றாக நனையும். கூரையில்லாத சிமெண்ட் கோர்ட்டில் ஈரம் இருந்தால் ஆட்டமே கிடையாது, வழுக்கி விழுந்தால் முட்டி போய்விடும். 2020 மார்ச்சில் கொரோனா கல்லூரிகளை மூடியபோது, இரண்டாமாண்டில் இருந்தவர்களுக்கு நல்ல ஆட்ட வயதே வீட்டுக்குள் கழிந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்கு 25 வயது வரம்பு உண்டு, போன ஆண்டு திரும்பக் கிடைக்காது.

கோர்ட்டில் எழுதிய வரலாறு

பழைய சிமெண்ட் கோர்ட் ஒன்றில் குனிந்து பார்த்தால் விதிமாற்றங்கள் தரையிலேயே தெரியும். மங்கிப்போன மூன்று புள்ளிக் கோடு ஒன்று, அதற்கு வெளியே அரை மீட்டர் தள்ளிப் புதிய பெயின்ட்டில் இன்னொன்று. முதலாவது 1984இல் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா வைத்த 6.25 மீட்டர், இரண்டாவது 2010இல் மாற்றிய 6.75 மீட்டர். ரிங்குக்குக் கீழே சரிவகமாக விரிந்த பழைய கட்டம் செவ்வகமானதும் அப்போதுதான். அதற்குப் பத்தாண்டு முன், 2000இல், இரண்டு 20 நிமிடப் பாதிகள் போய் நான்கு குவார்ட்டர்கள் வந்தன. 30 விநாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி 24 விநாடியாகச் சுருங்கியது. பந்தை வைத்துக்கொண்டு நேரம் கடத்தும் பழைய பாணி இதோடு செத்தது. ரிங்குக்குக் கீழே ஒரு நெட்டையனை நிறுத்தி எல்லாப் பந்தையும் அவனுக்கே கொடுத்த அணிகள், மூன்று புள்ளி எறிபவனைத் தேட ஆரம்பித்தன.

கல்லூரிக்கு வெளியே

பல்கலைக்கழகப் போட்டி குறுகியது என்பதால் ஆட்டப் பசியைத் தீர்ப்பவை அழைப்புப் போட்டிகளே. கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பை, கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை, பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி ஆகியவை பேர்போனவை. பெரியகுளம் போட்டி கோடை விடுமுறையில் விளக்கொளியில் நடக்கும். வங்கி, ரயில்வே அணிகள் ஆடுவதைப் பார்க்க ஊரே கேலரியில் உட்கார்ந்திருக்கும். கல்லூரி மாணவன் தன் ஆட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளும் இடம் இதுதான்.

பல்கலைக்கழகத்துக்காக ஆடியவனுக்குக் கிடைக்கும் சான்றிதழ் 'படிவம் 3'. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடும்போது இதற்கு மதிப்பு உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, பெரம்பூர் ஐ.சி.எஃப்., வருமான வரித்துறை, தமிழ்நாடு காவல்துறை எனச் சென்னையில் அணி வைத்திருக்கும் நிறுவனங்கள் பல தலைமுறைக் கல்லூரி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தந்து ஆட்டத்தையும் தொடரவிட்டிருக்கின்றன. 2022 ஏப்ரலில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த 71ஆவது தேசிய சீனியர் போட்டியில் பஞ்சாபை வென்று தமிழ்நாட்டு ஆடவர் அணி பட்டம் பெற்றதற்குப் பின்னால் இந்தக் கல்லூரி–வங்கிச் சங்கிலி இருக்கிறது. இந்திய அணிக்குத் தலைமை ஏற்ற முயின் பெக் ஹஃபீஸ் தமிழ்நாட்டுக்காரர்.

அண்மைக்கால மாற்றம்

2023இல் விரிவாக்கப்பட்ட முதலமைச்சர் கோப்பை கல்லூரி மாணவருக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. இது பல்கலைக்கழக இணைப்பைப் பார்ப்பதில்லை, மாவட்டத்தைப் பார்க்கிறது. அரசுக் கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி என்ற வேறுபாடும் இங்கே குறுக்கே வராது. பொன்னேரி மாணவனும் கவரைப்பேட்டை மாணவனும் 2001க்குப் பிறகு ஒரே அதிகாரபூர்வப் போட்டியில் எதிரெதிரே நிற்க வழி இருப்பது இந்தத் திருவள்ளூர் மாவட்டப் போட்டியில்தான்.