மரக்கன்று நடும் முன் ஒரு நடை: ‘ட்ரீ வாக்’கில் என்ன நடக்கும்? நாட்டு மரங்களை அடையாளம் காண்பது எப்படி?

மழைக்காலம் தொடங்கினால் போதும், தெருவுக்குத் தெரு மரக்கன்று நடும் விழாதான். பள்ளி, கம்பெனி, கட்சி, குடியிருப்போர் சங்கம் என எல்லாரும் நடுகிறார்கள். போட்டோவும் எடுத்தாச்சு. ஆனா, நட்டது என்ன மரம்னு கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. அது அந்த மண்ணுக்கு ஏற்ற மரமா என்று கேட்டால், அமைதிதான்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் ‘ட்ரீ வாக்’ எனப்படும் மர நடைகளும், நாட்டுத் தாவரங்கள் பற்றிய பேச்சுகளும், விதைப் பயிலரங்குகளும் நடத்தப்படுகின்றன. அங்கே என்ன கற்றுக்கொள்ளலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும்? பார்க்கலாம்.

நாட்டு மரம்னா என்ன?

மனிதர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்காமல், ஒரு நிலப்பகுதியில் இயற்கையாகவே வளர்ந்து, அங்குள்ள மண், மழை, பூச்சி, பறவைகளோடு நெடுங்காலம் ஒத்து வாழ்ந்த தாவரம்தான் அந்த இடத்தின் நாட்டுத் தாவரம். ஆல், அரசு, புங்கன், நாவல், இலுப்பை, மருதம், புன்னை போன்றவை நமக்குத் தெரிந்த உதாரணங்கள்.

அப்படியானால் வெளிநாட்டு மரங்கள் எவை? இங்கேதான் பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது.

கோடையில் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் குல்மோகர், மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. சாலையோரம் குடை பிடித்தாற்போல் நிற்கும் தூங்குமூஞ்சி மரம், மத்திய மற்றும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற கொடுக்காப்புளியின் பூர்வீகம்கூட அமெரிக்கக் கண்டம்தான்.

புளிய மரம்? அதன் தாயகம் ஆப்பிரிக்கா. ஆனால் நெடுங்காலத்துக்கு முன்பே இங்கு வந்து, நம் சமையலோடும் ஊர்ப் பெயர்களோடும் கலந்துவிட்டது.

வெளிநாட்டு மரம் என்றாலே கெட்டதா?

இல்லை. இதைத்தான் நல்ல வழிகாட்டிகள் முதலில் சொல்கிறார்கள். வெளியிலிருந்து வந்த எல்லாத் தாவரமும் ஆபத்து கிடையாது. யாரும் நடாமலேயே வேகமாகப் பரவி, மற்ற செடிகளுக்கு இடமில்லாமல் செய்பவைதான் பிரச்னை. அவற்றைத்தான் ‘ஆக்கிரமிப்புத் தாவரங்கள்’ என்கிறார்கள். சீமைக்கருவேலம், உண்ணிச்செடி, பார்த்தீனியம், ஆகாயத்தாமரை ஆகியவை இந்த வகை. நான்குமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை.

அதேபோல, ‘நாட்டு மரம்’ என்பது மாநிலம் முழுக்கப் பொருந்தும் முத்திரையும் அல்ல. பழனி மலையின் சோலைக்காட்டு மரம் ராமநாதபுரத்துக்கு நாட்டு மரம் ஆகாது. சதுப்பில் வளரும் தில்லையை தருமபுரி மேட்டு நிலத்தில் நடுவதில் அர்த்தமில்லை. ‘எந்த ஊருக்கு?’ என்ற கேள்வியும் சேர்ந்தால்தான் பதில் முழுமையாகும்.

இது ஏன் முக்கியம்?

சீமைக்கருவேலத்தின் கதையே இதற்கு விடை. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் அது. வறட்சியிலும் வளரும், விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று நல்ல எண்ணத்தில்தான் பரப்பினார்கள். அதன் நெற்றுகள் இனிப்பானவை. ஆடு, மாடுகள் தின்று போடும் சாணத்தின் வழியாக விதை போகும் இடமெல்லாம் முளைத்தது. இன்று ஏரி, கண்மாய், தரிசு நிலம் என எங்கும் நிற்கிறது.

இதை அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆக்கிரமிப்புத் தாவரங்களைக் கையாள 2022-ல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. இன்னொரு பக்கம், ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பகுதிகளில் இந்த மரத்தைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அன்று யோசிக்காமல் நட்டதற்கு இன்று ஒரு தலைமுறையே விலை கொடுக்கிறது. அதை எடுக்கவும் எளிதான வழி இல்லை.

சென்னைக்கு இந்தப் பாடம் புயலில் கிடைத்தது. 2016 டிசம்பர் 12-ல் கரையைக் கடந்த வர்தா புயல் நகரில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. எந்த மரம் நட வேண்டும் என்ற பேச்சு அதன்பிறகு பெரிதாக எழுந்தது. ஒன்றை மறக்கக் கூடாது: வேரைச் சுற்றி சிமென்ட் பூசி, ஒரு பக்க வேரை வெட்டி பள்ளம் தோண்டினால், நாட்டு மரமும் சாயத்தான் செய்யும்.

மூன்றாவது காரணம், உயிர்களின் உணவு. பல வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் எல்லா இலையையும் தின்பதில்லை. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி எருக்கம் இலையில் முட்டை வைக்கும். கறிவேப்பிலை அழகியின் பெயரிலேயே அதன் உணவு இருக்கிறது. அந்தச் செடி இல்லையென்றால் அந்தப் பூச்சியும் இல்லை.

மர நடையில் என்ன நடக்கும்?

பெரும்பாலும் காலை வெயில் ஏறும் முன் தொடங்கும். இது உடற்பயிற்சி நடை அல்ல. 1 கிலோமீட்டரைக் கடக்க 2 மணி நேரம்கூட ஆகலாம். ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று இலை, பட்டை, பூ, காய், வாசனை எனப் பார்க்கப் பழக்குவார்கள்.

உதாரணத்துக்கு, கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் எப்படிப் பிரித்தறிவது?

* நம்ம ஊர் கருவேலத்தின் பூ, மஞ்சள் நிறத்தில் சின்னப் பந்து போல உருண்டையாக இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ, புழுவைப் போல நீளமாகத் தொங்கும்.
* கருவேல நெற்று, மணி கோத்த மாலை போல விதைக்கு விதை இடுங்கி இருக்கும். சீமைக்கருவேல நெற்றில் அந்த ஆழமான இடுக்கு இருக்காது, பழுத்தால் மஞ்சளாகும்.

இன்னொரு எளிய பாடம்: கீழே விழுந்த வில்வ இலையையோ காட்டு எலுமிச்சை இலையையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுண்ணிய புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் மணக்கும். இரண்டும் எலுமிச்சைக் குடும்பம் என்பது இப்படித்தான் மனதில் பதியும்.

கோயில்களும் நல்ல வகுப்பறைகள். மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தல விருட்சம் புன்னை. விருத்தாசலத்தில் வன்னி. சிதம்பரத்தில் தில்லை, அந்த மரத்தை அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இன்றும் பார்க்கலாம். கும்பிடப்படும் வன்னியும், வெட்டச் சொல்லும் சீமைக்கருவேலமும் நெருங்கிய சொந்தம் என்பதைக் கேட்டால் பலரும் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள்.

பேச்சுகளிலும் பயிலரங்குகளிலும் என்ன கற்கலாம்?

பேச்சு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பெயர்களில் தொடங்கும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நாம் நிலத்துக்கு வைத்திருக்கும் பெயர்களே தாவரப் பெயர்கள்தான். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. அவற்றில் எத்தனையை நம்மால் இன்று நேரில் அடையாளம் காட்ட முடியும்? பாட்டிக்குத் தெரிந்த செடி பேரனுக்கு ‘ஏதோ ஒரு செடி’ ஆகிவிட்டது. பெயர் தெரியாத செடியை வெட்டும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. இழப்பு அங்கேதான் தொடங்குகிறது.

பயிலரங்குகளில் கைவேலை அதிகம். விதை சேகரிப்பு, நாற்றங்கால், நடவு என ஒவ்வொன்றாகச் செய்ய வைப்பார்கள். அடிப்படையான சில விஷயங்கள்:

* வேப்பங்கொட்டை: சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் குறையும். பழம் உதிரும் காலத்திலேயே சேகரித்து உடனே விதைக்க வேண்டும். நாவலும் அப்படியே.
* சரக்கொன்றை: விதையின் தோல் மிகக் கடினம். லேசாகத் தேய்த்தோ, வெந்நீரில் போட்டு ஊறவைத்தோ விதைத்தால் சீக்கிரம் முளைக்கும்.
* பூவரசு: விதை தேடி அலைய வேண்டாம். முருங்கை மாதிரியே போத்து வெட்டி நடலாம்.
* பனை: தமிழ்நாட்டின் மாநில மரம். கொட்டையின் முளை முதலில் நிலத்துக்குள் ஆழமாக இறங்கும். இலை வெளியே வர மாதங்கள் ஆகும். அதனால் பையில் வளர்ப்பதைவிட நேரடியாக நிலத்தில் புதைப்பதே நல்லது.

எங்கெல்லாம் பார்க்கலாம்?

சென்னையில் ‘நிழல்’ அமைப்பு பல ஆண்டுகளாக மர நடைகளை நடத்திவருகிறது. கோட்டூர்புரம் மரப் பூங்கா, தன்னார்வலர்களோடு சேர்ந்து அவர்கள் வளர்த்த நகர்க் காடு. அடையாறு உப்பங்கழியை ஒட்டி 58 ஏக்கரில் மீட்டெடுக்கப்பட்டு 2011-ல் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவும் நாட்டுத் தாவரங்களைப் பார்க்க ஏற்ற இடம்.

புதுச்சேரி அருகே 1968-ல் தொடங்கப்பட்ட ஆரோவில், அப்போது அரித்துப்போன செம்மண் மேடு. இன்று அங்கே வீரை, காசான், உலக்கைப் பாலை போன்ற சோழமண்டலக் கடற்கரைக் காட்டு மரங்களைப் பார்க்கலாம். கொடைக்கானலில் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை, சோலைக்காட்டுத் தாவரங்களுக்கென நாற்றங்கால் நடத்துகிறது.

வெளியே போக முடியாதவர்களுக்கு ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டம் இருக்கிறது. உங்கள் தெருவில் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் இருக்கிறதா என்று பதிவு செய்தால் போதும்.

எதில் கவனமாக இருக்க வேண்டும்?

1. எதையும் வாயில் வைக்காதீர்கள். மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு கடும் விஷம். அழகான குன்றிமணியும் விஷமே. தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ‘இந்த இலை இந்த நோயைக் குணமாக்கும்’ என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரைக் கேட்காமல் செய்து பார்க்காதீர்கள்.

2. காப்புக்காடு, தேசியப் பூங்கா, சரணாலயங்களுக்குள் நடத்தும் நடைக்கு வனத்துறையின் அனுமதி தேவை. ஏற்பாடு செய்பவர்களிடம் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். செடி, விதை எதையும் எடுத்து வராதீர்கள்.

3. வெற்றிடம் என்று நினைத்து எல்லா இடத்திலும் மரம் நடக் கூடாது. பழனி மலையின் புல்வெளிகளில் வாட்டில், பைன், தைல மரங்களை நட்டதால் அந்தப் புல்வெளிகள் பெருமளவில் சுருங்கின. புல்லும் நாட்டுத் தாவரம்தான்.

4. தண்ணீர், தொப்பி, ஷூ, சின்ன நோட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். செடியை அடையாளம் காட்டும் செல்போன் ஆப்கள் உதவும். ஆனால் அவை தவறும். முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தெருவிலேயே நடத்த முடியுமா?

முடியும். முதலில் தெருவில் உள்ள மரங்களை எண்ணிப் பட்டியல் போடுங்கள். பெயர் தெரியாதவற்றை அங்குள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் துறை இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பேச முடியுமா என்று கேட்கலாம். 10 பேர் வந்தாலே போதும்.

அடுத்த முறை நர்சரிக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இது என்ன மரம்? நம்ம ஊர் மண்ணில் தானாக வளர்ந்த மரமா? வளர்ந்தால் எவ்வளவு இடம் வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகு நடுங்கள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நட்டு, முதல் இரண்டு கோடையைத் தண்ணீர் ஊற்றித் தாண்ட வைத்துவிட்டால், அதன்பிறகு அந்த மரம் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும்.