கொழுப்பா, அழற்சியா? 170 வருஷ வழக்கு

இந்த எபிசோடு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டில் ஆரம்பிக்குது.

எங்க அப்பாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்டென்ட் வெச்சாங்க. அதிலிருந்து தினமும் ராத்திரி ஒரு ஸ்டாட்டின் மாத்திரை. தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ பார்த்தா, மாத்திரை அட்டை பிரிக்காம அப்படியே கிடக்கு. "என்னப்பா இது?"ன்னு கேட்டா ஃபோனை நீட்டுறார். மாரடைப்புக்குக் காரணம் கொலஸ்ட்ரால் இல்லையாம், உடம்பில் இருக்கிற அழற்சிதானாம். 2017-லேயே நிரூபிச்சாச்சாம், மருந்து கம்பெனிகள் மறைக்குதாம். ஆறு வாரமா மாத்திரை போடலை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனா அதைவிட உறுத்தினது வேற: அந்த ஃபார்வர்டில் பாதி உண்மை. 2017-ல் அப்படி ஒரு ஆய்வு நிஜமாவே வந்தது. நான் டாக்டர் இல்லை. ஆபீஸில் ஒரு சிஸ்டம் விழுந்தா பழைய லாக் எல்லாம் எடுத்து முதலிலிருந்து படிப்பேன். அதையே இங்கேயும் செய்தேன். லாக் 1850-களில் ஆரம்பிக்குது.

அப்போது ஐரோப்பாவில் ரெண்டு பெரிய நோய்க்கூற்று நிபுணர்கள். வியன்னாவில் கார்ல் ஃபான் ரோகிடான்ஸ்கி, பெர்லினில் ருடால்ஃப் விர்ஹோ. ரெண்டு பேரும் இறந்தவர்களின் தமனிகளை அறுத்துப் பார்த்தவர்கள். தடித்த சுவர், மஞ்சள் கொழுப்பு, சுண்ணாம்புப் படிவு என்று ரெண்டு பேரும் பார்த்தது ஒன்றேதான். ஆனால் முடிவு வேறு. ரோகிடான்ஸ்கி, ரத்தத்தில் இருக்கும் பொருள்கள் சுவரின் உள்பக்கம் படிகின்றன, அழற்சி தெரிந்தால் அது பின்னால் வந்த விளைவு என்றார். விர்ஹோ ஒத்துக்கொள்ளவில்லை. சுவர் சும்மா இருக்கவில்லை, அதன் செல்களே வினையாற்றுகின்றன, அழற்சிதான் இந்த நோயை நடத்துகிறது என்று 1856-ல் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயரிலேயே தமனி அழற்சி என்ற பொருள் இருந்தது.

நம்ம பாஷையில் சொன்னா, ஒரே எர்ரரைப் பார்த்துட்டு ரெண்டு சீனியர்கள் சண்டை. ஒருத்தர் "உள்ளே வர்ற டேட்டாவில் குப்பை"ங்கிறார், இன்னொருத்தர் "குப்பையை ப்ராசஸ் பண்ற கோடுதான் பிரச்சினை"ங்கிறார்.

அடுத்த திருப்பம் 1913, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். நிக்கொலாய் அனிச்கோவ், செமன் கலாடோவ் என்ற ரெண்டு இளைஞர்கள், சுத்தமான கொலஸ்ட்ராலை சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்தார்கள். முயலின் தமனிகளில் மனிதர்களுக்கு வருவது போன்ற படிவுகள் வந்தன. எலிக்கும் நாய்க்கும் கொடுத்தவர்களுக்கு அது வரவில்லை. அதனால் "முயல் தழை தின்னும் பிராணி, அதை வைத்து மனிதனைப் பற்றி என்ன சொல்ல முடியும்?" என்று பலர் தள்ளிவிட்டார்கள். ஒரு விஷயத்தை இங்கே கவனிங்க. அந்த முயல் தமனிகளில், கொழுப்பை விழுங்கி உப்பிப்போன வெள்ளை அணுக்களையும் அனிச்கோவ் பார்த்துப் பதிவு செய்திருந்தார். ரெண்டு கட்சியின் சாட்சியும் ஒரே கண்ணாடித் துண்டில் இருந்தது.

ஆனால் அடுத்த அறுபது, எழுபது வருஷம் கொலஸ்ட்ராலின் காலம். அதற்குக் காரணமும் இருந்தது, ஏன்னா அதை ரத்தத்தில் அளக்க முடியும். 1948-ல் தொடங்கிய ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு அதை மாரடைப்போடு இணைத்தது. எல்டிஎல் ரிசெப்டரைக் கண்டுபிடித்த பிரௌனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-ல் நோபல் கிடைத்தது. அந்த ரிசெப்டர் பிறவியிலேயே வேலை செய்யாத குழந்தைகளுக்கு, புகையோ பிரஷரோ இல்லாமலே, சின்ன வயதில் மாரடைப்பு வருகிறது. கொலஸ்ட்ரால் குற்றவாளி இல்லை என்கிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லணும். 1994-ல் ஒரு பெரிய ஆய்வு, ஸ்டாட்டின் உயிரைக் காப்பாற்றுகிறது என்று காட்டியது.

ஆனா அதே பிரௌனும் கோல்ட்ஸ்டீனும் 1979-ல் ஒரு விசித்திரத்தைப் பார்த்திருந்தார்கள். மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கும் செல்களிடம் சாதாரண எல்டிஎல்லைக் கொடுத்தால் அவ்வளவாகச் சீண்டுவதில்லை. வேதியியல் மாற்றம் செய்து கொடுத்தால் அளவில்லாமல் விழுங்குகின்றன. அப்போ அந்த செல்லுக்கு அது உணவு இல்லை, அப்புறப்படுத்த வேண்டிய அந்நியப் பொருள்.

1980-களில் ஸ்வீடனின் கோதென்பர்க்கில் லேனா யோனாசன், யோரன் ஹன்சன் குழு மனிதர்களின் கழுத்துத் தமனியிலிருந்து அறுவை செய்து எடுத்த படிவுகளை ஆராய்ந்தது. உள்ளே டி செல்கள் இருந்தன. கிருமியை அடையாளம் கண்டு சண்டைக்கு ஆள் சேர்க்கிற செல்களுக்குக் கொழுப்புப் படிவில் என்ன வேலை?

கதை இப்படிக் கூடி வந்தது. எல்டிஎல் தமனிச் சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்கிறது, அங்கே உருமாறுகிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் அதை ஊடுருவல் என்று எடுத்துக்கொள்கிறது. வந்த மேக்ரோஃபேஜ்கள் விழுங்கி விழுங்கி நுரை செல்களாகி அங்கேயே சாகின்றன. டி செல்கள் வருகின்றன, சண்டை அடங்குவதே இல்லை. கடைசியில் படிவின் மேல்மூடி மெலிந்து கிழிகிறது, அதன்மேல் ரத்தம் உறைகிறது. அதுதான் மாரடைப்பு. பல் மருத்துவம் படித்துவிட்டு இந்தத் துறைக்கு வந்த ரஸ்ஸல் ராஸ், 1999-ல் இது ஒரு அழற்சி நோய் என்று தலைப்பிலேயே வைத்துக் கட்டுரை எழுதினார். அதே வருஷம் இறந்தும் போனார்.

இதெல்லாம் படம்தான். அழற்சியை மட்டும் குறைத்தால் மாரடைப்பு குறையுமா? அதுக்குத்தான் 2017. கேன்டோஸ் ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேர். இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற ஒரே ஒரு அழற்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் ஊசி. எல்டிஎல் அசையவில்லை. ஆனாலும் 150 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. விர்ஹோ சொன்னதற்கு 161 வருஷம் கழித்து ஆதாரம்.

ஃபார்வர்டு இங்கே நின்னுடுது. மீதி ரெண்டு விஷயம். ஒன்று, அந்த ஊசி போட்டவர்களில் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின, மொத்த மரணம் குறையவில்லை. நம்மைக் காக்கிற மண்டலத்தை அடக்குவதற்கு விலை உண்டு. இரண்டு, அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். 15 சதவீதம் என்பது மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரைக்கு மேலே.

அடுத்த வருஷமே மெத்தோட்ரெக்ஸேட் என்ற இன்னொரு அழற்சி மருந்து தோற்றது. எந்தச் சமிக்ஞையைத் தடுக்கிறோம் என்பது முக்கியம். பிறகு கீல்வாதத்துக்குக் கொடுக்கும் பழைய மருந்தான கோல்சிசின், 2020-ல் 5,522 பேரிடம் ஆபத்தை 31 சதவீதம் குறைத்தது. 2023-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. 2024-ல், அப்போதுதான் மாரடைப்பு வந்த 7,062 பேரிடம் செய்த ஆய்வில் அதே மருந்து பலன் தரவில்லை. வழக்கு இன்னும் நடக்குது.

இதை எல்லாம் அப்பாவிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். "அப்போ யார் சொன்னதுடா சரி?"ன்னார். ரெண்டு பேரும்தான்ப்பா. தீயை மூட்டுறது கொழுப்பு, அதை ஊதி வளர்க்கிறது நம்ம நோய் எதிர்ப்பு மண்டலம். விறகே போடலைன்னா ஊதி என்ன ஆகும்? உங்க மாத்திரை விறகைக் குறைக்குது. அதோட, ஸ்டாட்டின் அழற்சியையும் கொஞ்சம் குறைக்குது.

கோல்சிசின் செங்காந்தளிலும் இருக்கு, விதைக்காகவே மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் பயிர் பண்றாங்கன்னு சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "நம்ம கண்வலிக்கிழங்கா? அப்போ அதையே..." அப்பா, வேண்டாம்! அந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும் விஷம். கேட்கிற நீங்களும் தொடாதீங்க.

மறுநாள் டாக்டரிடம் கூட்டிப் போனேன். ஆறு வாரம் விட்டதை அப்பாவே சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு, மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார்கள். இப்போ தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு எனக்கு ஒரு மெசேஜ் வரும்: "போட்டாச்சு."

உங்க வீட்டிலும் ஒரு அட்டை பிரிக்காம கிடக்கலாம். இன்னைக்கு ராத்திரி ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.